இருபத்து நான்காவது அட்டை

அக்டோபர் 9, திங்கள்

வியன்னாவிலிருந்து இரண்டு ரயில், ஒரு பேருந்து, கடைசி மூன்று கிலோமீட்டர் பங்குச் சாமியாரின் கார். மிட்டர்லாஹ் என்ற இந்த மலையூரில் மதியம் மூன்று மணிக்கே வெயில் போய்விடுகிறது. எதிரே இருக்கும் பாறை சூரியனை மறைத்துவிடும்.

சாமியார் தமிழர். காளையார்கோவில் பக்கம். பெயர் இன்னாசி, நாற்பது வயது இருக்கும். இங்கே குருமாருக்குப் பஞ்சம் என்பதால் நம் பக்கத்திலிருந்து வரவழைக்கிறார்கள். இவருக்கு மூன்று ஊர்க் கோயில்கள். காரில் ஏறியதும், "அக்கா, நீங்க திருச்சின்னு உங்க வியன்னா மியூசியத்துல சொன்னாங்க. இந்த ஊருல எட்டு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் தமிழ் பேசுறேன்," என்றார். அக்கா என்று கூப்பிட வேண்டாம் என்று சொன்னேன். "சரிங்க மேடம்" என்றார். முகம் கொஞ்சம் சுருங்கியது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

வேலை: கோயிலின் எலும்பு அறையில் இருந்த மண்டையோடுகளில் இருபத்து மூன்றுக்குப் பெயர் போய்விட்டது. கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். கல்லறைத் திருநாளுக்குள், அதாவது நவம்பர் 2-க்குள்.

கருவிப்பெட்டியைப் பிரித்து அடுக்கினேன். மண்டையோட்டை அளக்கும் காலிப்பர் இரண்டு, அளவு நாடா, பல் பார்க்கும் கண்ணாடி, பூதக்கண்ணாடி, மென்தூரிகைகள், பருத்திக் கையுறை, வெற்று அட்டைகள் ஒரு கட்டு. தினமும் காலையில் காலிப்பரைச் சரிபார்க்க இரண்டு சின்ன வெள்ளி வளையங்கள். உள்விட்டம் பதினாறு மில்லிமீட்டர். பத்தொன்பது வருடமாக அதே பதினாறு.

அக்டோபர் 10, செவ்வாய்

எலும்பு அறை கோயிலுக்குக் கீழே, பாறையைக் குடைந்து கட்டியது. ஒன்பது படி இறங்க வேண்டும். மூன்று சுவரிலும் மர அலமாரி. அதில் இருநூற்றுச் சொச்சம் மண்டையோடுகள் முகத்தை நம் பக்கம் காட்டி உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் பெயர், இறந்த ஆண்டு. சுற்றி வர்ணம் தீட்டிய மாலை. ஆணுக்கு ஓக் இலை, பெண்ணுக்கு நீலப்பூ.

மயான இடம் சிறியது என்பதால் வந்த வழக்கம் இது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் குழியைத் திறந்து, தலையைக் கழுவி, நான்கு வாரம் வெயிலில் காயவைத்துப் பெயரெழுதுவார்கள். நான் பார்த்தவரை இதில் பயப்பட எதுவும் இல்லை. இடப் பற்றாக்குறைக்கு ஒரு ஏற்பாடு.

ஏப்ரலில் பனி உருகிய வெள்ளம் அறைக்குள் புகுந்து கீழ்த்தட்டு சரிந்திருக்கிறது. கீழ்த்தட்டில் இருந்தவற்றின் வர்ணம் கழுவிப்போய்விட்டது. பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. தலைகள் மேசைமேல் இருக்கின்றன. எது யாருடையது என்பதுதான் கேள்வி.

பூசை உடுப்பு வைக்கும் சக்ரீஸ்து அறைக் கதவுக்கு மேலே இரும்புச் சங்கிலியில் ஒரு கறுத்த கை தொங்குகிறது. பொய்ச் சத்தியம் செய்தவனின் கை, நானூறு வருடம் பழையது என்றார் ஃபாதர். நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன்.

"இது மனுஷக் கை இல்ல ஃபாதர். கரடியோட முன்னங்கால். நகத்தை எடுத்துட்டுத் தோலை உரிச்சா இப்படித்தான் இருக்கும்."

"ஐயையோ மேடம், வெளிய சொல்லிப்புடாதீங்க. இந்த ஊரு பிள்ளைகள இதக் காட்டித்தான் பொய் சொல்லாம வளக்குறாக."

"கரடி என்ன பொய் சொல்லுச்சாம்?"

வெகுநேரம் சிரித்தார். இரவுச் சாப்பாட்டுக்கு ரசம் வைத்திருந்தார். புளி எங்கிருந்து வாங்குகிறார் என்று கேட்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 11, புதன்

இன்று குடும்பங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வேண்டாமென்றுதான் சொன்னேன். சொந்தக்காரர்கள் அடையாளம் காட்டுவதை நான் நம்புவதில்லை. தேடி வருகிறவர்கள் கண்ணால் பார்ப்பதில்லை, தேவையால் பார்க்கிறார்கள். ஆனால் ஊர் கேட்கவில்லை.

பங்குக் கூடத்தில் வெள்ளை விரிப்பின்மேல் இருபத்து மூன்றையும் வைத்து எண் போட்டேன். அட்டையில் எண், பால், வயது, பற்கள், உடன் கிடைத்தவை, அடையாளம் சொன்னவர், பெயர். பெயருக்கான கோடு மட்டும் காலி. முப்பது நாற்பது பேர் சுவரோரம் நின்றார்கள். பெரும்பாலோர் தலையை ஆட்டிவிட்டு, "டாக்டர் சொல்லட்டும்" என்று போய்விட்டார்கள்.

நொட்புர்கா என்ற எண்பத்தாறு வயது விதவை மட்டும் கைத்தடியோடு நேராக நடுவில் வந்து நின்றார். கணவர் லீன்ஹார்ட் மரம் வெட்டுபவர், 1974-இல் மரம் விழுந்து இறந்தவர். அவர் தலையைச் சனிக்கிழமைதோறும் துணியால் துடைத்துவைப்பது இந்த அம்மாளின் வழக்கம் என்றும், தான் போனபின் தன் தலையும் அவர் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று உயில் எழுதி வைத்திருக்கிறார் என்றும் ஃபாதர் சொல்லியிருந்தார். கூடம் முழுக்க அவரையே பார்த்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கைத்தடியால் எண் 17-ஐக் காட்டினார்.

"இவர்தான்."

யாரோ கைதட்டினார்கள். ஒரு பெண் அழுதாள்.

அக்டோபர் 12, வியாழன்

எண் 17. புருவமேடு இல்லை. காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு முண்டு சிறியது. நெற்றி நேராக எழுகிறது. கண்குழியின் மேல்விளிம்பு கூர்மை. கடைவாய்ப் பற்களில் தேய்மானம் மிகக் குறைவு.

பெண். முப்பதைத் தாண்டவில்லை.

மூன்று முறை அளந்தேன்.

அக்டோபர் 13, வெள்ளி

மழை. 1 முதல் 8 வரை முடித்தேன். வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 14, சனி

நொட்புர்கா சரியாகப் பத்து மணிக்குத் துணியோடு வந்தார். எண் 17-ஐத் துடைக்க வேண்டுமாம். இன்னும் ஆய்வு முடியவில்லை என்றேன். மலை ஜெர்மனில் ஏதோ சொன்னார். எனக்கு அந்தப் பேச்சு முக்கால்வாசிதான் பிடிபடும், இங்கே என் தமிழில் எழுதிக்கொள்கிறேன்: "என் புருஷனைத் தொட உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?" இந்த ஊரில் யாரையும் 'நீ' என்றுதான் பேசுவார்கள். கையுறை போட்டுக்கொண்டால் தொடலாம் என்றேன். போட்டுக்கொண்டார். துடைக்கும்போது அவர் கட்டைவிரல் வலது கன்னத்து எலும்பில் போய் நின்றது. திரும்பவும் அதே இடத்துக்கு வந்தது. பிறகு துணியை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

மாலையில் அம்மா பேசினார். மூச்சு வாங்குகிறது.

"ஜெசி, கல்லறைத் திருநா வருது. அலோய்க்கிட்டச் சொல்லி பிலோமினாவுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிருக்கேன்."

"சரிம்மா."

"அவ முகம் அமைதியா இருந்துச்சுன்னு சொன்னீல்ல?"

ஒவ்வொரு வருடமும் இந்தக் கேள்வி.

"இருந்துச்சும்மா."

அக்கா பிலோமினா வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸ் பூசைக்குப் போனவள். 2004. மறுநாள் காலை கடல் வந்தது. மூன்றாம் நாள் நான்தான் அடையாளம் காட்டினேன். அப்போது மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பற்களை வைத்துக் காட்டினேன். பல் பொய் சொல்லாது.

அந்த நாட்களில் கேட்ட பெயர்கள் எதுவும் எனக்கு இப்போது நினைவில்லை.

அக்டோபர் 16, திங்கள்

எண் 9. ஆண், நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில். வலது கன்னத்து எலும்பில் பழைய முறிவு, உயிரோடு இருந்தபோதே கூடி ஆறியது. விரல் வைத்தால் பள்ளம் தெரிகிறது. ஊர்ப் புத்தகத்தில் லீன்ஹார்ட் பெயருக்கு நேரே, இளவயதில் குதிரை உதைத்து முகம் உடைந்தவர் என்று முன்னாள் சாமியார் குறித்திருக்கிறார். வேறு யாருக்கும் அப்படிக் குறிப்பு இல்லை. 9-தான் லீன்ஹார்ட்.

இருபத்து மூன்று பெயர்களில் முப்பது வயதுக்குட்பட்ட பெண் ஒருத்திதான். வால்புர்கா, 29 வயது, 1951. பிரசவத்தில் இறந்தவள். ஆக 17 அவள்.

ஃபாதரிடம் சொன்னேன். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"விட்டுருங்களேன் மேடம். எண்பத்தாறு வயசு. இன்னும் எத்தன சனிக்கிழமைக்குத் தொடைக்கப் போகுது அந்த அம்மா?"

"பொய்யான பேரை நான் எழுத முடியாது."

"பொய்யுன்னு ஏன் சொல்றீக? அந்த அம்மா மனசுக்கு அது நெசம்."

"அப்ப வால்புர்கா?"

"அது செத்து எழுவது வருசமாச்சு."

"அவளுக்கு ஒரு பையன் இருக்கான்னு உங்க புத்தகத்திலேயே போட்டிருக்கு ஃபாதர். கிரெகோர். அம்மா சாகும்போது நாலு வயசு. ரெண்டாம் தேதி அவர் வந்து நிற்கும்போது யாரைத் தூக்கிக் காட்டுவீங்க?"

கத்தியைக் கீழே வைத்தார். நான் தேவைக்கு மேல் சத்தமாகப் பேசிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

வேலை மேசைக்குக் காபி கொண்டுவந்தபோது காலிப்பர் பக்கத்தில் இருந்த வளையங்களைப் பார்த்தார். "இது மெட்டிதான? எங்க மதினி இதே மாதிரி போட்டுருப்பாக. உங்களுக்குக் கல்யாணம் ஆகலன்னு சொன்னீக..."

அளவு பார்க்க வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் பெட்டியில் போட்டேன்.

அக்டோபர் 18, புதன்

தம்பி அலோய் பேசினான். அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறான். இதயம் பாதிதான் வேலை செய்கிறதாம். இன்னும் சில வாரம், அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னாராம்.

"நீ வந்து பாத்துட்டுப் போயிரு சின்னக்கா."

"ரெண்டாம் தேதி முடிச்சுட்டு வர்றேன்."

"இன்னொண்ணு. பெரியக்கா கூடத்தான் தன்னை வைக்கணும்னு அம்மா நம்ம ஊரு ஃபாதர்கிட்டயே சொல்லிட்டாங்க. கல்லறையப் பாத்துக்கிற கோயில்பிள்ளைகிட்டக் கேட்டேன். பதினாலு வருசம் ஆனாலே தெறக்கலாமாம், நமக்குப் பத்தொம்பது ஆச்சேன்னாரு. பழைய எலும்பத் துணியில கட்டி அம்மா கால்மாட்டுல வச்சிரலாம்."

"ஹலோ? லைன்ல இருக்கியா?" என்று இரண்டு முறை கேட்டான்.

மதியத்துக்குப் பின் வேலை ஓடவில்லை. எண் 12-ன் நீளத்தை இரண்டு அட்டையில் இரண்டு விதமாக எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 19, வியாழன்

நொட்புர்காவிடம் நேரில் சொன்னேன். படங்கள் காட்டி, நிதானமாக, மரியாதையாக. எண் 17 ஒரு இளம்பெண். உங்கள் கணவர் எண் 9.

"வெள்ளம் வந்த ஊர்லேருந்து நீ வரலையே," என்றார். "வெள்ளம் எலும்பை மாத்தும். எனக்குத் தெரியும்."

வெள்ளம் எலும்பை மாற்றாது.

அக்டோபர் 20, வெள்ளி

காலையில் எண் 17 மேசையில் இல்லை. விரிப்பில் அதன் வட்டத் தடம் மட்டும். எலும்பு அறைக்கும் பங்குக் கூடத்துக்கும் ஒரே சாவி, அதுவும் இரண்டுதான்: ஒன்று ஃபாதரிடம், இன்னொன்று சனிக்கிழமை துடைப்பதற்காக நாற்பது வருடமாக நொட்புர்காவிடம்.

"போலீசுக்குச் சொல்லணுமா?" என்று கேட்டார் ஃபாதர்.

"வேண்டாம்."

"அப்ப நீங்கதான் போய்ப் பேசணும். நான் போனா ஊரே சாமியார் கெழவிய மெரட்டுறாருன்னு சொல்லும்."

27-ஆம் தேதிக்குள் பட்டியலைக் கொடுத்தால்தான் ஓவியர் வர்ணம் தீட்டி முடிப்பார். தீட்டிவிட்டால் பிறகு மாற்ற முடியாது.

அக்டோபர் 21, சனி

பத்து மணிக்கு யாரும் வரவில்லை.

கிரெகோரிடமிருந்து கடிதம். அடுத்த பள்ளத்தாக்கில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கோணல் எழுத்து. "மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, என்னிடம் அம்மாவின் புகைப்படம் இல்லை. வீடு எரிந்தபோது போய்விட்டது. சிறுவயதில் அப்பா என்னைத் தூக்கிக்காட்டி, நீலப்பூ வைத்த இதுதான் உன் அம்மா என்பார். எனக்கு அம்மாவின் முகம் என்றால் அதுதான். நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன். ரயில் நேரம் பார்த்துவிட்டேன்."

நான்கு முறை படித்தேன். பிறகு கோப்பில் சேர்த்தேன்.

அக்டோபர் 23, திங்கள்

நொட்புர்காவின் வீட்டுக்குப் போனேன். கதவு தாழிடவில்லை.

"வா வா. திருடி வீட்டுக்குப் போலீஸ் இல்லாம வந்துட்டியா?"

அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. தட்டுகள் அடுக்கியிருக்கும் அலமாரியில், பூப்போட்ட துண்டு சுற்றி, எண் 17. உட்காரச் சொன்னார். சூப்பை என் பக்கம் தள்ளினார்.

"அது அவர் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்," என்றேன். "போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமையே தெரியும். உங்க விரல் கன்னத்துல பள்ளத்தைத் தேடுச்சு."

கரண்டியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"குழியிலேருந்து எடுத்தப்போ நான்தான் அவர் தலையைக் கழுவினேன். ரெண்டு கையாலயும். அப்பத் தெரியும் எனக்கு, எந்தப் பக்கம் பள்ளம், எந்தப் பல்லு இல்ல, எல்லாம். அப்புறம் வர்ணம் தீட்டினாங்க. அதுக்கப்புறம் நான் இலையைத்தான் துடைச்சேன். பேரைத்தான் பார்த்தேன். எலும்பைப் பார்க்கவே இல்லை."

"கண்ணும் சரியில்லையே உங்களுக்கு."

"கண்ணைச் சொல்லாதே. ஊரே பார்த்துட்டு நின்னுச்சு. சனிக்கிழமை சனிக்கிழமை வர்றாளே, இவளுக்குத் தெரியாதான்னு. எனக்கு ஒண்ணுமே தெரியலை. எல்லாம் ஒரே மாதிரி. கடைசி வரைக்கும் நடந்து பார்த்து, தெரியலைன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. கிட்டத்துல இருந்ததைக் காட்டினேன்."

"அன்னைக்கே என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம்."

"கைதட்டினாங்களே." இதைச் சொல்லும்போது சின்னப் பெண் மாதிரி இருந்தார். "கைதட்டினதுக்கு அப்புறம் எப்படித் திருப்பி வாங்குறது?"

சூப் ஆறிவிட்டது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மங்கின கண்தான்.

"நீ சொல்லு. வாயிலேருந்து வந்துட்டதைத் திருப்பி வாங்க முடியாம நீ எப்பவாவது இருந்திருக்கியா?"

"இல்லை," என்றேன்.

தலையசைத்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. கிரெகோரின் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, எண் 17-ஐத் தொடாமல் வந்துவிட்டேன். ஏன் எடுத்துவரவில்லை என்று ஃபாதர் கேட்டார்.

அக்டோபர் 24, செவ்வாய்

அக்காவுக்கு மேல்வரிசையில் இடதுபுறம் தெத்துப்பல். சிரித்தால் கீழ் உதட்டைத் தொடும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதை வைத்துப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

நான் பார்த்த வாயில் பற்கள் நேராக இருந்தன.

அக்டோபர் 25, புதன்

நேற்று எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று எடுத்தேன். கிழிக்கவில்லை. தொடங்கியதை முறையாக எழுதிவிடுகிறேன்.

நாகப்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூட வராந்தா. மூன்றாம் நாள். அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உரிமை கோராதவற்றை மதியம் ஒரே குழியில் அடக்கப்போகிறார்கள் என்று மைக்கில் சொன்னார்கள். பிலோமினா இல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றார் அம்மா.

வரிசையில் ஓர் உடல். முகம் தெரியும் நிலையில் இல்லை. உயரம் ஒத்துப்போனது. ஒட்டிக்கொண்டிருந்த துணித்துண்டும் அக்காவின் புடவை நீலம். பல் பார்த்தேன். கால் பார்த்தேன். இரண்டு கால்களிலும் இரண்டாவது விரலில் மெட்டி. அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

மெட்டிகளைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். காலைப் போர்த்தினேன். அலோயைக் கூப்பிட்டு, அக்காதான் என்றேன். நான் டாக்டர். யாரும் மறுத்துக் கேட்கவில்லை. அம்மா அன்று சாயங்காலம் அரை டம்ளர் காபி குடித்தார்.

வண்டியில் ஏற்றும்போது ஒருவர் ஓடி வந்தார். கையில் ரேஷன் கார்டு.

"அக்கா, ஒரே ஒரு தடவ அந்தத் துணிய வெலக்கிக் காட்டுங்கக்கா. எம் பொண்டாட்டி கால எனக்குத் தெரியும்."

"இது எங்க அக்கா," என்றேன்.

"இருக்கட்டுங்க்கா. ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேன்."

அலோயிடம் வண்டியை எடுக்கச் சொன்னேன்.

எழுதிவிட்டேன்.

அக்டோபர் 27, வெள்ளி

காலை ஏழரைக்குக் கதவு தட்டும் சத்தம். நொட்புர்கா. கையில் முட்டைக் கூடை, கூடைக்குள் பூப்போட்ட துண்டு.

"அந்தத் தச்சனோட கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டுப் படிக்கச் சொன்னேன்," என்றார். "ரயில் நேரம் பார்த்துட்டானாமே."

பட்டியலில் அவர் முன்னால் எழுதினேன். 9: லீன்ஹார்ட். 17: வால்புர்கா. ஊருக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை, எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்று யாரும் படிக்கப்போவதில்லை என்றேன். அவர் எண் 9-ன் கன்னத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

மதியம் ஓவியர் வந்து எடுத்துப்போனார்.

அக்டோபர் 29, ஞாயிறு

அம்மா பேசினார். ஆக்ஸிஜன் குழாயோடு, அலோய் போனைப் பிடித்துக்கொண்டான்.

"ஜெசி... அவ முகம்..."

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

பின்னால் ஏதோ மெஷின் விட்டுவிட்டுச் சத்தம் போட்டது. நான் ஆறு முறை எண்ணினேன்.

"நல்லா அமைதியா இருந்துச்சும்மா."

"அது போதும்," என்றார்.

நவம்பர் 1, புதன்

அம்மா இன்று காலை இந்திய நேரம் நாலேமுக்காலுக்கு இறந்துவிட்டார். நாளை மாலை விமானம். நான் போகும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருப்பார்கள். நாளை சாயங்காலம் கல்லறையைத் திறக்க ஆள் சொல்லியிருக்கிறான் அலோய்.

ஃபாதர் பக்கத்தில் வந்து நின்றார். "அக்கா," என்றார், பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பரவாயில்லை என்றேன்.

நவம்பர் 2, வியாழன். கல்லறைத் திருநாள்

காலைப் பூசைக்குப் பின் எல்லோரும் மெழுகுவர்த்தியோடு எலும்பு அறைக்கு இறங்கினார்கள். இருபத்து மூன்றும் புது இலை, புதுப் பூ, புதுப் பெயரோடு மேசையில். வர்ண வாசனை இன்னும் போகவில்லை. சாமியார் பெயரைப் படிக்க, குடும்பம் வந்து எடுத்து அலமாரியில் வைக்க வேண்டும்.

"வால்புர்கா, 1951."

கிரெகோர் முன்னால் வந்தார். எழுபத்தாறு வயது, அகலமான தச்சர் கை, புதுக் கோட்டு. அவர் தொடுவதற்குள் கைத்தடியின் சத்தம். நொட்புர்கா கூட்டத்திலிருந்து வெளியே வந்தார். ஊர் முழுக்க நின்றது, அன்று போலவே.

"கிரெகோர். மூணு வாரம் முன்னாடி உன் அம்மாவைக் காட்டி என் புருஷன்னு சொன்னேன். இவங்க எல்லாரும் கேட்டாங்க. டாக்டர் இல்லைன்னு சொன்னப்புறமும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் வச்சிருந்தேன். எனக்கு அடையாளம் தெரியலை. தெரியலைன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. அதுதான் விஷயம்."

எனக்குப் பின்னால் ஒருவர் "அடக் கடவுளே" என்றார்.

கிரெகோர் அவரைப் பார்த்தார். "உங்க வீட்டுல எங்க வச்சிருந்தீங்க?"

"சமையலறையில. அடுப்புப் பக்கத்துல."

"அப்ப குளிரா இருந்திருக்காது," என்றார். பிறகு இரண்டு கையாலும் தூக்கினார். "எவ்வளவு சின்னதா இருக்காங்க. என் பேத்தி வயசு."

நான் ஒன்பது படியும் ஏறி வெளியே வந்தேன். சக்ரீஸ்துக் கதவுப் பக்கம் நின்று அலோயைக் கூப்பிட்டேன். அங்கே மாலை. மயானத்தில்தான் இருந்தான், மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

"நிறுத்தச் சொல்லு அலோய்."

"என்ன சின்னக்கா? பலகைக் கல்லு வரைக்கும் வந்தாச்சு."

"நிறுத்தச் சொல்லு. உள்ள இருக்கிறது பெரியக்கா இல்ல."

"என்ன பேசுற நீ?"

சொன்னேன். பல், மெட்டி, வண்டி, அந்த ஆள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பத்தொன்பது வருடத்தை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட முடிகிறது.

"நீ டாக்டர்னுதான நம்புனோம்," என்றான். அழுதான். "அம்மா ஒவ்வொரு வெள்ளியும் வந்து இங்க மெழுகுவத்தி கொளுத்துனாங்களே. யாருக்குடி கொளுத்துனாங்க?"

அவன் என்னை ஒருமுறைகூட அப்படி 'டி' போட்டுப் பேசியதில்லை.

"அம்மாவை அங்கேயே வைப்போம். அந்த எலும்பை மட்டும் கால்மாட்டுல வைக்காத. தனியா ஒரு பெட்டியில எடுத்து வை. ஒண்ணுகூட விடாம. நான் வர்றேன்."

"அப்ப பெரியக்கா எங்க?"

"தெரியலடா."

தலைக்கு மேல் சங்கிலியில் அந்தக் கரடிக் கால் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

நவம்பர் 3, வெள்ளி

திருச்சி போகும் வழியில். விமான நிலைய நாற்காலி.

அந்த நாட்களில் கேட்ட பெயர்கள் நினைவில்லை என்று முன்பு எழுதியிருக்கிறேன். அது சரியல்ல. வண்டி நகரும்போது, ரேஷன் கார்டோடு வந்த அந்த மனிதர் கூடவே ஓடிக்கொண்டு, எத்தனையோ அதிகாரிகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிப்போனதால், மனைவியின் பெயர், வயது, தன் பெயர், ஊர் என்று மனுவில் எழுதுவதைப் போலவே சொன்னார். ஒரு சொல்லும் எனக்கு மறக்கவில்லை. அட்டைக் கட்டில் ஒன்று மீதமிருக்கிறது.

எண்: 24
இடம்: திருச்சி, எங்கள் குடும்பக் கல்லறை
பால்: பெண்
வயது: 26
பற்கள்: நேர்வரிசை. தெத்துப்பல் இல்லை.
உடன் கிடைத்தவை: வெள்ளி மெட்டி இரண்டு, உள்விட்டம் 16 மி.மீ. என்னிடம் உள்ளன.
அடையாளம் சொன்னவர்: ஜெசிந்தா. தெரிந்தே தவறாகச் சொன்னது.
அடையாளம் கேட்டவர்: கணவர் கலியமூர்த்தி, செவந்தான்பேட்டை. காட்டப்படவில்லை.
பெயர்: தையல்நாயகி.